புகையில்லா அடுப்பின் எழுபது ஆண்டுகள்

1953ஆம் ஆண்டு சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டது. ‘கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையில்லாச் சமையலறை’ என்பது தலைப்பின் பொருள். எழுதியவர் எஸ்.பி. ராஜு, ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர். அவர் சொன்ன அடுப்பு களிமண்ணால் கட்டுவது. ஒரே வாயில் விறகை வைத்தால் போதும், அனல் உள்ளுக்குள்ளேயே ஓடி வரிசையாக இருக்கும் கண்களுக்கெல்லாம் போகும். மிச்சப் புகை குழாய் வழியே கூரைக்கு மேலே ஏறிவிடும். புகை, கரி, வெக்கை, விரயம், தீ அபாயம் என்ற ஐந்திலிருந்தும் இந்த அடுப்பு விடுதலை தரும் என்றார் ராஜு. நாடு விடுதலை பெற்று ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சொல்லை அடுப்பங்கரைவரை கொண்டுபோக ஒரு பொறியாளருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த ஆண்டு மூலக்குளம் இந்தியாவில் இல்லை.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டினால் மூலக்குளம். அடுத்து அரும்பார்த்தபுரம், வில்லியனூர். இன்று கடைகளும் மாடி வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் உழவர்கரை நகராட்சிப் பகுதி அது. 1953இல் உழவர்கரை ஒரு பிரெஞ்சு கொம்யூன். சுற்றிலும் தென்னார்க்காடு மாவட்டம், நடுவில் சுங்கச் சாவடிகள். 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல். கொடி மாறியது, காவல்காரர்களின் தொப்பி மாறியது. சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுப்பு மட்டும் ஒன்றாகவே இருந்தது.

அது எப்படிப்பட்ட அடுப்பு என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பிற்காலத்தில் அதைத் திருத்த வந்தவர்கள் பலரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஏரி மண்ணையும் உமியையும் வைக்கோல் துணுக்கையும் பிசைந்து, வீட்டுப் பெண்களே பிடித்த மண்ணடுப்பு. மூன்று குமிழ்களின்மேல் பானை உட்காரும். பெரிய கண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கண் இருக்கும், அதுதான் கொடியடுப்பு. முதல் கண்ணில் சோறு கொதிக்கும்போது, பானைக்கு அடியில் தப்பிய அனல் பக்கவாட்டில் படர்ந்து அந்தக் கண்ணில் குழம்பைச் சுண்டவைக்கும். ஒரு விறகுக்கு இரண்டு பாத்திரம் என்ற கணக்கை எந்த ஆராய்ச்சிக் கூடமும் இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குயவரிடம் சுட்ட அடுப்பு வாங்கினார்கள். வில்லியனூரின் சுடுமண் வேலைக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அய்யனார் குதிரைக்குக் கிடைக்கும் மதிப்பு அடுப்புக்குக் கிடைப்பதில்லை. இரண்டும் அதே மண்தான்.

எரிக்கக் கிடைத்தது எதுவோ அதுதான் விறகு. கடலோர மணலில் விளைந்த சவுக்கு, அதன் மிலாறு, முந்திரிக் கிளை, பனை மட்டை, தென்னம்பாளை, வறட்டி, கரும்புச் சோகை, மல்லாட்டைத் தோல். மரம் அறுக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மரத்தூள் அடுப்பு வைத்திருப்பார்கள். தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் தூளை இறுக்கி அடைத்து, பாட்டிலை உருவினால் கிடைக்கும் ஓட்டையில் தீ நின்று எரியும். நெல் அரைவை ஆலைப் பக்கம் உமியடுப்பு. காப்பிக்கும் அப்பளம் சுடவும் குமுட்டியில் கரி. காய்ந்த சவுக்கு இருந்தால் சமையல் சீக்கிரம் முடியும். ஐப்பசி அடைமழையில் ஈர மட்டையோடு போராடும் நாளில் ஊதாங்குழலை வாயிலிருந்து எடுக்க முடியாது. கண் எரியும், மூக்கு ஒழுகும், இடுப்பில் இருக்கும் பிள்ளை இருமும்.

புகைக்கும் வேலை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீற்றுக் கூரையில் பூச்சி அண்டாமல் காத்தது புகை. பரணில் கட்டித் தொங்கவிட்ட விதைக் கதிருக்கும் அதுவே காவல். கூரையில் படிந்த கரியைப் பார்த்து ‘குடித்தனம் நடக்கிற வீடு’ என்று சொன்ன காலம் அது. புகைபோக்கி வைக்கச் சொன்னபோது சில வீடுகள் தயங்கியதை அறியாமை என்று எழுதிவைத்த அதிகாரிகள் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை.

ராஜுவுக்குச் சில ஆண்டுகள் முன்பே வார்தாவில் இன்னொரு முயற்சி நடந்தது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் அங்கே மகன்வாடியில் இயங்கியது. அதைக் கட்டி நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. பின்னாளில் மதுரைக்குப் பக்கத்தில் கல்லுப்பட்டி காந்திநிகேதனில் வாழ்ந்த அதே குமரப்பாதான். மகன்வாடியில் 1947 வாக்கில் உருவானது ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி அடுப்பு. ஐம்பதுகளில் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபோது கிராம சேவிகைகள் இப்படிப்பட்ட அடுப்புகளை ஊர் ஊராகக் கட்டிக் காட்டினார்கள். கட்டிக் காட்டியதோடு பெரும்பாலும் நின்றது. அடுத்த மழைக்கு மண் விரிசல் விடும், குழாயில் கரி அடைக்கும். துடைத்துச் சரிசெய்ய ஆள் வராது.

இதே காலத்தில் டெல்லியில் ஒரு மருத்துவர் வேறு பக்கத்திலிருந்து அடுப்புக்கு வந்து சேர்ந்தார். பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர், எஸ். பத்மாவதி. நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கும் நோயோடு அவரிடம் வந்தவர்களில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பீடி சிகரெட் தொடாத பெண்கள். 127 நோயாளிகளைப் பற்றி 1959இல் வெளியான கட்டுரையில், பத்மாவதியும் உடன் எழுதிய பாதக்கும் சமையல் புகையின்மேல் சந்தேகத்தை வைத்தார்கள். அன்றே அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் இருபது முப்பது ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அடுப்பூதும் பெண்ணுக்கு இருமல் வருவது, வயலில் நிற்பவனுக்கு வெயில் படுவதுபோல என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு அடுப்பு திடீரென அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. நுரையீரலுக்காக அல்ல, மரத்துக்காக. 1973இல் பெட்ரோல் விலை ஏறியது. 1975இல் எரிக் எக்கோம் என்ற அமெரிக்கர், ஏழை நாடுகளின் இன்னொரு எரிபொருள் நெருக்கடி விறகுதான் என்று எழுதினார். ஏழைகள் சமைப்பதால்தான் காடு அழிகிறது என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. கிராமங்களில் போய்க் கணக்கெடுத்தவர்கள் வேறு உண்மையைக் கண்டார்கள். வீட்டு அடுப்பில் எரிவது பெரும்பாலும் வேலியோரச் சுள்ளியும் விழுந்த மட்டையும். காட்டு மரத்தைச் சாய்ப்பது வேறு கைகள். என்றாலும் பழி அடுப்பின்மேல் விழுந்துவிட்டது.

1983 இறுதியில் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா பிரிவு மூன்று கண் அடுப்பு ஒன்றை வடிவமைத்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு அடுப்புகளை உருவாக்கியது. 2002இல் திட்டம் முடிந்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்றரைக் கோடி அடுப்புகள் கொடுக்கப்பட்டதாகக் கணக்கு. சீனத்துக்கு அடுத்தபடி உலகிலேயே பெரிய அடுப்புத் திட்டம். அவற்றில் எத்தனை அடுப்பு இரண்டாம் பொங்கலைப் பார்த்தது என்பதுதான் கேள்வி. செலவில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்ததால், எண்ணிக்கை காட்டுவதே முக்கியமானது. விறகு வாய் சிறிதாக இருந்ததால் கட்டையைச் சன்னமாகப் பிளக்க வேண்டும். அந்த வேலையும் பெண்ணின் தலையில். பிளக்க நேரமில்லாதவர்கள் வாயை இடித்துப் பெரிதாக்கினார்கள். அதோடு பொறியாளரின் கணக்கு காற்றில் போனது. குழாய்க்கும் கூரைக்கும் நடுவே மழைநீர் ஒழுகியது.

அந்தத் தோல்விகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மது சரின் என்ற கட்டிடக் கலைஞர், சண்டிகருக்குப் பக்கத்திலுள்ள நாடா கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து அடுப்பை வடிவமைத்தார். ரொட்டி எப்படிச் சுடுகிறீர்கள், எந்தப் பாத்திரம் எவ்வளவு பெரிது, உட்காரும் உயரம் என்ன என்று கேட்டுக் கேட்டுக் கட்டினார். அடுப்புக் கொத்தனார்களாகவும் கிராமத்துப் பெண்களையே பழக்கினார். அடுப்பு விரிசல் விட்டால் பூச ஊருக்குள்ளேயே ஆள் இருந்தது. இலங்கையில் 1986இல் வந்த ‘அனகி’ அடுப்பின் கதையும் இதற்குச் சொந்தம்தான்: குயவர்கள் சக்கரத்திலேயே செய்யக்கூடிய, இரண்டு பாத்திரம் வைக்கும் சுடுமண் அடுப்பு. சந்தையில் விற்றது, உடைந்தால் மறுபடி வாங்கினார்கள். யார் செய்வது, யார் பழுதுபார்ப்பது என்ற கேள்விக்கு விடை வைத்திருந்த அடுப்புகள் நின்றன.

நகரத்தையொட்டிய ஊர்களில் மாற்றம் வேறு வழியாக வந்தது. ரேஷன் கடையில் சீமெண்ணெய் கிடைத்தது. எழுபதுகளின் இறுதியில் இந்தியன் ஆயில் ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கிய ‘நூதன்’ திரி ஸ்டவ் பரவியது. பம்ப் ஸ்டவ்வின் ஓசை தெருவுக்கே கேட்கும். விறகுப் புகை குறைந்தது. எண்ணெய் வாடை வந்தது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தியும் வந்தது. அந்தச் செய்திகளில் எத்தனை விபத்து, எத்தனை வரதட்சணைக் கொலை என்பது பல வீடுகளுக்குத் தெரியும். அடுப்பின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட முடியாது.

சமையல் எரிவாயு 1955இல் பர்மா ஷெல் நிறுவனத்தால் ‘பர்ஷேன்’ என்ற பெயரில் மும்பைக்கு வந்தது. இந்தியன் ஆயிலின் எரிவாயுவான இண்டேனின் முதல் இணைப்பு கொல்கத்தாவில், 1965 அக்டோபர் 22இல். அதன்பின் பல ஆண்டுகளுக்கு கேஸ் இணைப்பு என்றால் நடுத்தர வர்க்கம் பதிவுசெய்துவிட்டுக் காத்திருக்கும் பொருள். தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, 2007 பொங்கலையொட்டி ஏழை வீடுகளுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. இலவசம் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் ஏழைப் பெண்ணின் அடுப்படிக்கு அரசாங்கம் நேராக வந்து சேர்ந்தது அப்போதுதான். டெல்லிக்கு அந்த யோசனை வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

இதற்குள் புகையை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். 1981இல் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்திய நண்பர்களோடு குஜராத் கிராமங்களுக்குப் போய், சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியைக் கட்டிப் பார்த்தார். ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக ஏறத்தாழ 7 மில்லிகிராம் தூசு. உலகின் எந்த நகரத் தெருவிலும் கேள்விப்படாத அளவு. சமையலறையில் விறகு எரிப்பது மணிக்கு 400 சிகரெட் கொளுத்துவதற்குச் சமம் என்று பின்னாளில் அவர் மேடைக்கு மேடை சொன்னார். அவரோடு நெடுங்காலம் சேர்ந்து வேலை செய்தவர் சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன். தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் அவருடைய குழு அளந்த கணக்கு 2002இல் வெளியானது. சமைக்கும் நேரத்தில் ஒரு கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் நுண்தூசு. நாள் முழுவதற்குமான சராசரியில், சமைப்பவருக்கு 231, சமைக்காதவருக்கு 90. சமையலறைக்குச் சுவர் உண்டா, வெளியே தனியாக இருக்கிறதா, வெட்டவெளியா என்று நம் வீடுகளின் அமைப்பையே பிரித்துப் பார்த்த ஆய்வு அது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் பங்கு போகிறது என்பது அதில் எண்ணாக வந்தது.

எண் வந்ததும் கம்பெனிகளும் வந்தன. 2006இல் பி.பி. எண்ணெய் நிறுவனமும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ‘ஊர்ஜா’ அடுப்பைத் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் விற்கத் தொடங்கின. வேளாண் கழிவை அழுத்திச் செய்த வில்லைகளை எரித்து, சின்ன மின்விசிறியால் காற்று ஊதும் அடுப்பு. உண்மையிலேயே நன்றாக எரிந்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. வில்லையின் விலை ஏறியது, அடுப்பு மூலைக்குப் போனது. வேலியில் சும்மா கிடைக்கும் சுள்ளியோடு போட்டியிட்டு எதையும் விற்பது சுலபமல்ல.

ஒடிசாவில் பொருளியலாளர் எஸ்தர் டூஃப்லோவும் கூட்டாளிகளும் புகைபோக்கி மண்ணடுப்பு கொடுத்த வீடுகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டு புகை குறைந்தது. பிறகு பயன்பாடும் பராமரிப்பும் தேய, வித்தியாசமே இல்லாமல் போனது. 2012இல் இந்த முடிவு வந்தபோது கர்க் ஸ்மித்தே தன் பாதையை மாற்றிக்கொண்டார். கிடைக்கும் விறகைச் சுத்தமாக எரிக்கவைக்கப் பாடுபட்டது போதும், சுத்தமான எரிபொருளையே ஏழைக்குக் கிடைக்கச் செய்வோம் என்ற பக்கம் நின்றார். ராஜுவின் குழாய் முதல் ஊர்ஜாவின் விசிறிவரை எத்தனை மூளை உழைத்திருக்கிறது என்பதை நினைத்தால், அந்த முடிவுக்கு வர நிறைய மனத்துணிவு வேண்டும்.

2016 மே 1இல் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில், ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு தரும் பிரதமரின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகள், எல்லாம் பெண்களின் பெயரில். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் 28.5 சதவீத வீடுகளில்தான் கேஸ் முதன்மை எரிபொருள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சுத்தமான எரிபொருள் பயன்படுத்தும் வீடுகள் 58.6 சதவீதம், தமிழ்நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேல்.

கேஸ் வந்தால் என்ன மாறும் என்பதைச் சோதித்த பெரிய ஆய்வின் ஒரு களம், மூலக்குளத்தைக் கடந்து மேற்கே போகும் இதே சாலைப் பக்கம்தான். அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியிலும், நாகப்பட்டினத்திலும் ஸ்ரீராமச்சந்திரா குழு 800 கர்ப்பிணிகளைச் சேர்த்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் அதே எண்ணிக்கை. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு இலவச எரிவாயுவும். அந்தப் பெண்கள் விறகடுப்பை ஏறக்குறைய முழுவதும் கைவிட்டார்கள். அவர்கள் சுவாசித்த நுண்தூசு, மற்றப் பாதிப் பேருக்கு 70.7 மைக்ரோகிராமாக இருக்க, 23.9ஆகக் குறைந்தது. 2022இல் வெளியான முடிவில் பிறந்த குழந்தைகளின் எடை: கேஸ் வீடுகளில் சராசரி 2,921 கிராம், விறகு வீடுகளில் 2,898. புள்ளிவிவரப்படி இது வித்தியாசமே இல்லை.

ஆய்வாளர்களுக்கு அது ஏமாற்றம். குழந்தையின் எடைக்குத் தாயின் சாப்பாடு, வயது, கர்ப்பத்துக்கு முன்பே அவள் சுவாசித்த காற்று என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் இந்த எழுபது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது வேறொன்று உறுத்துகிறது. அடுப்பு ஒருமுறை காட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, ஒருமுறை பெட்ரோலுக்கான அந்நியச் செலாவணியை, ஒருமுறை வெப்பமாகும் பூமியை, பிறகு குழந்தையின் எடையை. கண் எரியாமல் சோறு வடிக்க வேண்டும் என்று சமைப்பவள் விரும்பியது மட்டும் எந்தத் திட்டத்துக்கும் போதுமான காரணமாக இருந்ததில்லை.

கள்ளக்குறிச்சியில் கேஸ் ஓசியில் வாசலுக்கு வந்தது. உஜ்வலா வீடுகளில் அப்படி இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கை அலுவலர் 2019இல் கொடுத்த அறிக்கைப்படி, ஓர் உஜ்வலா குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று சிலிண்டருக்குச் சற்றே அதிகமாக வாங்கியது. நான்கு பேர் வீட்டில் ஒரு சிலிண்டர் மாதம் ஒன்றரை மாதம் வரும். மீதி மாதங்கள் விறகுதான். 2022 மே மாதம் 14.2 கிலோ சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்த மாதமே உஜ்வலா வீடுகளுக்கு 200 ரூபாய் மானியம் வந்தது, அடுத்த ஆண்டு அது 300 ஆனது. புதுச்சேரியில் 2023 பட்ஜெட்டில் முதல்வர் ரங்கசாமி தன் அரசின் சார்பிலும் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் அறிவித்தார்.

மூலக்குளத்துச் சமையல்கட்டில் இன்று கேஸ் அடுப்புதான். ஆனால் இப்பகுதியின் எத்தனையோ வீடுகளில் கொல்லைப் பக்கம் போனால் மூன்று செங்கல் இருக்கும், மேலே கரி பிடித்த அலுமினியத் தவலை. வெந்நீருக்கு, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச, விசேஷத்துக்குப் பெரிய அண்டா ஏற்ற. மாதக் கடைசியில் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலச் சோற்றையும் அங்கேயே வைத்துவிடுவார்கள். தென்னம்பாளை சுவரோரம் அடுக்கிக் கிடக்கும், ஊதாங்குழல் அதன்மேல்.